அடுத்தடுத்துப் பிறந்த இரு குழந்தைகள்: மூத்த குழந்தையும் குழந்தையே

முதல் குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் அடுத்த குழந்தையும் பிறந்துவிட்ட குடும்பங்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய கரிசல் பகுதிகளின் வேலைமுறை, உணவு, தண்ணீர் நிலை ஆகியவற்றை மனத்திற்கொண்டு செய்திகள் தரப்பட்டுள்ளன. பிற மாவட்டத்தினருக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

இத்தகைய வீடுகளில் எல்லோருடைய கவனமும் பிறந்த குழந்தையின் மீதே இருக்கும். கிராம சுகாதார செவிலியர் அதைப் பார்க்க வருவார். உறவினர் அதைக் காண வருவர். அதன் எடையும் பாலும் உறக்கமும் நாள்தோறும் விசாரிக்கப்படும். அதே நாளில், பதினைந்து மாதமே நிறைந்த மற்றொரு குழந்தை “பெரிய பிள்ளை” ஆகிவிடுகிறது. அதன் தட்டில் என்ன இருந்தது, எவ்வளவு உண்டது என்பதை யாரும் தனியே கேட்பதில்லை. ஊட்டச்சத்துக் குறைவு சத்தமின்றித் தொடங்குவது பெரும்பாலும் இந்த மூத்த குழந்தையிடத்தில்தான்.

சவலை என்பது என்ன?

தம்பியோ தங்கையோ விரைவில் பிறந்துவிட்டதால் தாய்ப்பால் கிடைக்காமல் மெலிந்துபோகும் குழந்தையைச் “சவலைப் பிள்ளை” என்று நம் முன்னோர் அழைத்தனர். இச்சொல் இன்றும் இப்பகுதியில் வழக்கில் உள்ளது. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலும் இதற்கு இணையான சொல் ஒன்று உண்டு. அங்கு பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், உடல் வீங்கி, முடி நிறம் மங்கி, எதிலும் நாட்டமின்றிக் கிடந்த குழந்தைகளைப் பற்றி 1933ஆம் ஆண்டில் எழுதினார். 1935ஆம் ஆண்டில் அந்நோய்க்கு அவ்வூர் மக்கள் வழங்கிய ‘குவாஷியோர்க்கர்’ என்னும் பெயரையே மருத்துவ உலகிற்கு அறிமுகம் செய்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பதே அச்சொல்லின் பொருள். தாய்ப்பால் திடீரென நிறுத்தப்பட்டு, அதற்கு ஈடாக மாவுச்சத்து மட்டுமே மிகுந்த நீர்த்த கஞ்சி கொடுக்கப்படும் சூழலில் இந்நிலை தோன்றுவதை அவர் கண்டார்.

சவலைக்குக் கயிறு மந்திரித்துக் கட்டுவது வழக்கமாக இருப்பின், அதனுடன் கையின் சுற்றளவையும் அளந்து பார்த்துவிடுங்கள். அங்கன்வாடி மையத்தில் இதற்கென அளவு நாடா உள்ளது. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையின் நடுப்பகுதி 12.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் மிதமான ஊட்டச்சத்துக் குறைவு; 11.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் அது கடுமையானது, மருத்துவரின் சிகிச்சை தேவை. இரு பாதங்களின் மேற்புறத்தையும் பெருவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தபின் குழி அப்படியே நின்றால், கை அளவு எதுவாயினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீக்கத்தைப் “பிள்ளை பூசினாற்போல் இருக்கிறது” என்று எண்ணி மகிழ்ந்துவிடுவது நேர்வதுண்டு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டறிந்து நீக்க, தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு முதல் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தைச் செயல்படுத்தி வருகிறது.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

கருவுற்ற தாயின் பால் மூத்த குழந்தைக்கு நஞ்சாகும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் நிலவுகிறது. அது உண்மையன்று. உடல்நலமுள்ள தாய், கர்ப்ப காலத்திலும் மூத்த குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். முன்பு குறைமாதப் பிரசவம் நேர்ந்திருந்தாலோ, இப்போது இரத்தப்போக்கோ வயிற்று வலியோ இருந்தாலோ மருத்துவரின் கருத்தைக் கேட்டே தொடர வேண்டும். கர்ப்பத்தின் நடுமாதங்களில் பால் குறைவதும் சுவை மாறுவதும் இயல்பு. சில குழந்தைகள் தாமாகவே விட்டுவிடும். அவ்வாறு குறையும் பாலுக்கு ஈடாகத் திட உணவை அந்த மாதத்திலேயே கூட்ட வேண்டும்; பிரசவம் வரை காத்திருக்கலாகாது.

பிரசவத்திற்குப் பின் இரு குழந்தைகளுக்கும் பால் கொடுக்கலாம். சீம்பாலும் அடுத்த சில மாதங்களின் பாலும் முதலில் இளைய குழந்தைக்கே உரியவை. அது நிறையக் குடித்த பிறகு மூத்த குழந்தைக்கு. இளைய குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர் உட்பட, தேவையில்லை. சேனை தொட்டு வைத்தல், வசம்பு முதலியவற்றை உரைத்துப் புகட்டுதல் ஆகியவற்றைத் தவிர்த்திடுங்கள். மூத்த குழந்தைக்கு உரைக்கும் போதே இளையதற்கும் ஒரு சொட்டு என்பது இரு குழந்தைகள் உள்ள வீட்டில் எளிதில் நேரும் தவறு.

மூத்த குழந்தையின் தட்டு

ஒன்று முதல் இரண்டு வயதுவரை நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவும், இடையில் ஓரிரு முறை சிற்றுணவும் தேவை. ஒரு வேளைக்கு 250 மி.லி. கிண்ணத்தில் முக்கால் முதல் முழுக் கிண்ணம். குழந்தையின் வயிறு சிறியது. ஆகவே நீர்த்த கூழால் வயிறு நிறையுமேயன்றிச் சத்து நிறையாது. கம்பு, சோளம் இரண்டும் நல்ல தானியங்களே. கெட்டியாகக் காய்ச்சி, வேகவைத்து மசித்த பாசிப்பயறும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்தால் அதே கிண்ணம் வேறு உணவாகிவிடும். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்த உளுந்தங்களியைப் பிரசவித்த தாய்க்கெனக் கிண்டும்போது மூத்த குழந்தைக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். முட்டை, முருங்கைக்கீரை, பொடித்த நிலக்கடலை ஆகியவை இப்பகுதியில் எளிதில் கிடைப்பவை.

இரு குழந்தைகளும் உண்ணத் தொடங்கியபின் ஒரே தட்டில் பிசைந்து இருவாய்க்கும் மாறி மாறி ஊட்டுவது காண இனியது. எனினும் யார் எவ்வளவு உண்டனர் என்பது அதில் தெரியாது. விரைந்து விழுங்கும் குழந்தை உண்டுவிடும். மெல்ல மெல்லும் குழந்தை பசியோடு எழும். தனித்தனிக் கிண்ணம் வையுங்கள்.

அங்கன்வாடியிலும் இதே விதிதான். பாலூட்டும் தாய், ஆறு மாதம் கடந்த குழந்தை, மூத்த குழந்தை ஆகிய ஒவ்வொருவரும் தனித்தனிப் பயனாளி. ஒருவருக்கு வழங்கப்படும் சத்துமாவு மற்றவருக்கு ஈடாகாது. இளைய குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்ததும் அதன் பெயரையும் தனியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

புரட்டாசி, ஐப்பசி மாத மழையில் விதைப்பு தொடங்கி, களையெடுப்பு கடந்து, தை மாதத்தில் உளுந்தும் பாசியும் வீடு வந்து சேரும்வரை மானாவாரிக் காட்டில் பெண்களுக்கு ஓய்வில்லை. தீப்பெட்டித் தொழிலகத்திற்கோ நூற்பாலைக்கோ செல்வோருக்கு ஆண்டு முழுவதும் இதே நிலை. கைக்குழந்தை தாயுடன் செல்லும். மூத்த குழந்தை பாட்டியிடம் விடப்படும். காலையில் புறப்படும்போதே அன்றைய உணவைத் தனிப் பாத்திரத்தில் அளந்து வைத்தால், மாலையில் மீந்திருப்பதைக் கொண்டு குழந்தை உண்ட அளவை அறியலாம். 50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவர அனுமதிக்கப்பட வேண்டும் என்ற விதி, மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டும் தாய்மாருக்கு இப்பயன் இல்லை. அவர்களுக்கு அங்கன்வாடியே துணை.

வீட்டினுள் உள்ள இடர்கள்

ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தம்பியின் மீது அன்பு மிகுதி. தான் உண்பதைத் தம்பிக்கும் ஊட்டும். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் இல்லாத வீடு அரிது. முழு நிலக்கடலை, கடலை மிட்டாய், பொரிகடலை ஆகியவை மூச்சுக்குழலில் சிக்கி உயிரைப் பறிக்கக்கூடியவை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்கலாகாது. அரைத்தோ நன்கு பொடித்தோ கொடுக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் மூத்த குழந்தையின் கைக்கு இவை எட்டவே கூடாது.

தண்ணீர் அடுத்த இடர். குழாய்த் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வரும் ஊர்களில் குடம், வாளி, டிரம், தரைத்தொட்டி எல்லாம் நிறைந்தே இருக்கும். நடை பழகும் குழந்தைக்குத் தலை கனம். குனிந்து எட்டிப் பார்க்கையில் கவிழ்ந்தால் எழ இயலாது. சாண் ஆழத் தண்ணீரிலும், ஓசையே இன்றி, மூழ்கிவிடக்கூடும். தாய் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க அமரும் நேரமே மூத்த குழந்தை கண்ணுக்கு மறையும் நேரம் என்பதால், அமருமுன் குளியலறைக் கதவையும் தொட்டி மூடியையும் பார்த்துவிட்டு அமருங்கள். இறுக மூடிய பாத்திரத்தில் டெங்குவைப் பரப்பும் கொசுவும் முட்டையிடாது.

வீட்டில் தீப்பெட்டி வேலை நடைபெறுமாயின் குச்சிகளும் பசைக்கிண்ணமும் குழந்தைகள் நுழையாத இடத்தில் இருக்கட்டும். பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் இருந்தால் அது நஞ்சு என்பதை மறவாதீர்கள். சேலைத் தொட்டிலில் உறங்கும் குழந்தையை மூத்த குழந்தையின் பொறுப்பில் ஆட்டவிடுவதும், இருவரையும் ஒட்டிப் படுக்க வைப்பதும் கூடாது. கோடையில் கரிசல் வெடித்துத் தேளும் பாம்பும் வெளிவரும் காலத்தில், கடி நேர்ந்தால் பச்சிலை தேடி நேரம் போக்காமல் 108ஐ அழையுங்கள்.

நோயுற்றால்

இரு குழந்தைகளுக்கும் ஒரே காய்ச்சல் வரும். ஆனால் மருந்து ஒன்றன்று. பாரசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மி.லி.யில் 100 மி.கி. மருந்து இருக்கும். சிரப்பில் 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. இருக்கும், 250 மி.கி. உள்ள புட்டியும் உண்டு. சொட்டு மருந்தைச் சிரப்பு என்று எண்ணி 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி. சென்றுவிடும். புட்டியின் மீது குழந்தையின் பெயரை எழுதி ஒட்டுங்கள். எழுத்தறியாத பாட்டியிடம் மருந்து கொடுக்கும் பொறுப்பை விடுவதாயின் இரு நிறத் துணியைக் கட்டி வையுங்கள்.

மூச்சை எண்ணும் அளவும் வேறு. குழந்தை அமைதியாக இருக்கையில் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. பச்சிளங்குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, துவண்டாலோ பொழுது விடியும்வரை காத்திருக்கலாகாது.

வயிற்றுப்போக்கிற்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுமையாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள். துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பின்னும் 14 நாட்கள் தொடர வேண்டும். இளையவரின் நோயில் மூத்தவரின் மாத்திரை மறக்கப்படுவது வழக்கம்.

இரு அட்டைகள், ஒரு புதன்கிழமை

மூத்த குழந்தையின் 16 முதல் 24 மாதத் தடுப்பூசிகளே அதிகம் விடுபடக்கூடியவை. தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணையும், முத்தடுப்பு ஊசி மற்றும் போலியோவின் ஊக்கத் தவணைகளும் அப்போது உரியவை. பதினைந்து மாத இடைவெளியில் பிறந்த குழந்தைகளாயின் இளையதற்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடும் நாளில் மூத்ததற்கு 16 மாதம் கடந்திருக்கும். புதன்கிழமை ஒரே பயணத்தில் இரு அட்டைகளையும் எடுத்துச் சென்றால் இரண்டும் முடிந்துவிடும். இளையதன் ஒன்பதாம் மாதத்தில் மூத்ததற்கு இரண்டு வயது; முன்னதற்குத் தட்டம்மை ரூபெல்லா முதல் தவணை, பின்னதற்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை தரப்படும் வைட்டமின் ‘ஏ’.

மூத்த குழந்தையின் மனம்

அதுவரை விட்டிருந்த பழக்கங்கள் திரும்பும்: படுக்கையில் சிறுநீர் கழித்தல், மடியை விடாமை, மீண்டும் பால் கேட்டல், கைக்குழந்தையைக் கிள்ளுதல். இவை தீய குணங்கள் அல்ல. அடிப்பதாலும் “நீ பெரியவன், அழக்கூடாது” என்பதாலும் இவை நீளுமேயன்றிக் குறையா. நாளில் கால் மணி நேரமேனும் கைக்குழந்தையைத் தந்தையிடமோ பாட்டியிடமோ கொடுத்துவிட்டு மூத்த குழந்தையை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாயின் உடல்நலம்

பால் கொடுக்கும் காலத்தில் கரு தங்காது என்று நம்பியே பல குடும்பங்களில் அடுத்த கர்ப்பம் நேர்ந்துவிடுகிறது. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாதிருத்தல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தல், மாதவிலக்கு திரும்பாதிருத்தல் ஆகிய மூன்றும் ஒருசேர இருக்கும்வரையே அந்நம்பிக்கை பொருந்தும். ஒரு பிரசவத்திற்கும் அடுத்த கருத்தரிப்பிற்கும் இடையே குறைந்தது 24 மாதங்கள் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரசவித்த 48 மணி நேரத்திற்குள் பொருத்தப்படும் கருத்தடை வளையமும், ஆறு வாரத்திற்குப் பின் போடத்தக்க ‘அந்தரா’ ஊசியும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. குடும்பம் நிறைவடைந்துவிட்டது எனக் கருதும் கணவர், பெண்ணுக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையைவிட எளிதான வாசெக்டமியைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டறியலாம்.

அடுத்தடுத்த பிரசவங்களால் இரத்தசோகை மிகுந்திருக்கும். இரும்புச்சத்து மாத்திரைகளைப் பிரசவத்திற்குப் பின் 180 நாட்கள் உட்கொள்ளுங்கள். காரணமின்றி அழுகை, உறக்கமின்மை, குழந்தைகள் மீது வெறுப்பு ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகருடன் கட்டணமின்றிப் பேசலாம். பிற உடல்நல ஐயங்களுக்கு 104.