கூரம் செப்பேடு முதல் சட்டக் கல்லூரி வரை

காஞ்சி மாநகரை அடுத்துள்ள கூரம் ஒரு சிற்றூர். எனினும் தமிழக வரலாற்றில் அதன் பெயர் இருமுறை அழுத்தமாகப் பதிந்துள்ளது. இராமாநுசரின் தலைமாணாக்கராகிய கூரத்தாழ்வார் பிறந்த ஊர் என்பது ஒன்று. முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் செப்பேடு வழங்கிய ஊர் என்பது மற்றொன்று. சமய வரலாற்றாரும் கலை வரலாற்றாரும் இவ்வூரை விரிவாக ஆராய்ந்துள்ளனர். சட்டம் பயில்வோரும் இவ்வூரை நோக்கத் தக்க காரணம் உண்டு. சட்டத்தை எம்மொழியில் எழுதுவது, யாருக்காக எழுதுவது என்னும் வினாவிற்கு இச்செப்பேடு ஏழாம் நூற்றாண்டிலேயே ஒரு விடையை வைத்துள்ளது. அவ்வினா இன்றும் நீதிமன்றங்களில் தீர்ந்தபாடில்லை.

இருமொழி ஆவணம்

1890இல் ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் கூரம் செப்பேடு இடம்பெற்றுள்ளது. அதன் வடமொழிப் பகுதி பல்லவர் மரபைப் போற்றுகிறது. சளுக்கிய விக்கிரமாதித்தனைப் பரமேசுவரவர்மன் வென்ற செய்தியைக் கவிநயத்துடன் பாடுகிறது. பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் இருபத்தைந்து பங்குகளாக்கப்பட்டது. கூரத்துச் சிவன்கோயிலாகிய வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகத்தின் வழிபாட்டிற்கும் பழுதுபார்ப்பிற்கும் மூன்று பங்குகள். மண்டபத்திற்கு நீரும் தீயும் தருதற்கு ஒரு பங்கு. அம்மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு. எஞ்சிய இருபது பங்குகள் நான்மறை வல்ல இருபதின்மர்க்கு. நூல் வாசிப்பவனின் வாழ்வுக்கு ஆவணத்திலேயே பங்கு ஒதுக்கிய இச்செயல், இலக்கிய அமைப்பினர் எவரும் எண்ணி மகிழத் தக்கது.

செப்பேட்டின் தமிழ்ப் பகுதியோ நிலத்தைப் பேசுகிறது. ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நாட்டுப் பிரிவு, விலைக்குக் கொண்ட நிலம், ஏரி, பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு கால், அக்காலிலிருந்து நீர் பெறும் உரிமை ஆகியவை தமிழில் வருகின்றன. மன்னன் புகழை அறியாவிடினும் உழவனுக்கு இழப்பில்லை. வாய்க்காலின் உரிமையை அறியாவிடின் அவன் வாழ்வே இல்லை. ஆகவே புகழ்மாலை அவைமொழியில் அமைய, நடைமுறைக்கு வரும் பகுதி ஊரார் மொழியில் அமைந்தது. சட்ட ஆவணத்தின் உயிர் அதன் செயற்பகுதியில் உள்ளது என்பதையும், அப்பகுதி அதனால் கட்டுப்படுவோர்க்கு விளங்கவேண்டும் என்பதையும் அக்கால ஆவணம் எழுதுவோர் நன்கு உணர்ந்திருந்தனர் எனலாம்.

தகுதியும் சான்றும்

தொண்டைமண்டலத்தின் சட்டமரபு இத்துடன் நின்றுவிடவில்லை. கூரத்தைப் போலவே காஞ்சியைச் சூழ்ந்த ஊர்களுள் ஒன்றாகிய உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, சபை வாரியங்களில் அமர்வோர்க்குரிய தகுதிகளை வகுக்கின்றன. நிலவுடைமை, சொந்த மனை, கல்வி ஆகியவற்றோடு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் அகவை என்ற வரம்பும் வேண்டப்பட்டது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். வாய்ப்பு நிலமுடைய சிலர்க்கே உரியதாயிருந்தது என்பது அம்முறையின் குறை. ஆயினும் பொதுப்பொறுப்பேற்பவர் கல்வியும் தூய்மையும் உடையவராதல் வேண்டும் என எழுதி வைத்த துணிவு பாராட்டத் தக்கது.

வழக்கு நடக்கும் முறையைக் காட்டுவதில் இலக்கியமும் பின்தங்கவில்லை. தொண்டைநாட்டுக் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர்மீது தொடுக்கப்பட்ட அடிமை வழக்கைப் பாடுகையில் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி எனச் சான்றுகளை மூன்றாகப் பகுத்துக் காட்டினார். பாட்டனார் எழுத்தை உறுதிசெய்ய அவர் கைச்சாத்திட்ட வேறோர் ஓலையை வருவித்து ஒப்புநோக்கும் காட்சியும் அங்கே உண்டு. 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தின் 73ஆம் பிரிவு கையெழுத்தை நீதிமன்றமே ஒப்பிட்டுப் பார்க்க இடமளித்தது. அப்பிரிவைக் கற்ற மாணவர் பலர்க்கு, அம்முறையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் காப்பியம் ஒன்று விரித்துரைத்திருப்பதை வகுப்பறையில் எவரும் சொன்னதில்லை.

கூரத்தாழ்வார் வரலாற்றிலும் ஓர் ஆவணம் உண்டு. ஆசிரியரின் காவியுடையைத் தாம் உடுத்து, அவருக்கு மாற்றாக அரசவை சென்று, தம் கொள்கைக்கு மாறான ஓலையில் உடன்பட்டுக் கையொப்பமிட மறுத்துக் கண்ணிழந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். சமயப் பூசலை ஒதுக்கிவிட்டு நோக்கினும் இரண்டு உண்மைகள் எஞ்சுகின்றன. பிறர்க்காக அவையில் நிற்பது எளிய செயலன்று. உடன்பாடில்லாத எழுத்தின்கீழ்ப் பெயர் இடுவது பேதைமை. வழக்கறிஞர் தொழிலின் அடிப்படையும் இவையே.

ஆங்கிலக் கல்வியின் வருகை

ஆங்கிலேயர் ஆட்சியில் இம்மரபு வேறு தடம் பற்றியது. எல்லிசு முயற்சியால் 1812இல் தோன்றிய சென்னைக் கோட்டைக் கல்லூரி ஆட்சியாளர்க்கு உள்நாட்டு மொழிகளைக் கற்பித்தது. ஆட்சியாளர் மக்கள் மொழியைக் கற்கும் அந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. மக்கள் ஆட்சியாளர் மொழியைக் கற்கும் நிலை விரைவில் வந்தது. 1855இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சட்ட வகுப்புத் தொடங்கிற்று; ஜான் புரூஸ் நார்ட்டன் அதன் பேராசிரியர். 1857இல் பல்கலைக்கழகமும் 1862இல் உயர்நீதிமன்றமும் அமைந்தன. 1891இல் சட்டக் கல்லூரி தனி நிறுவனமாயிற்று. உயர்நீதிமன்ற வளாகத்தில் அதற்கென எழுந்த செந்நிறக் கட்டடம் 1899இல் நிறைவுற்றது.

அக்கல்லூரிக்குச் சென்றவர்களின் வாழ்க்கை எளிதாயிருந்ததில்லை. தஞ்சைப் பகுதியில் வறிய குடும்பத்தில் பிறந்த முத்துசாமி ஐயர் மாதம் ஒரு ரூபாய் ஊதியத்தில் கணக்கருக்கு உதவியாளராக இருந்தவர். தெருவிளக்கின் ஒளியில் படித்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. பணியில் இருந்தவாறே பி.எல். பட்டம் பெற்று 1877இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். 1893இல் தலைமை நீதிபதிப் பொறுப்பையும் சிறிது காலம் வகித்தார். பெண்களுக்கு இவ்வாயில் மேலும் முப்பதாண்டுகள் மூடியே இருந்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் தடையை நீக்கிய பின்னரே, 1929இல் ஆனந்தபாய் சென்னையின் முதற் பெண் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார்.

பட்டம் பெற்றதும் வருவாய் வந்துவிடுவதில்லை. மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் கட்டுகளைச் சுமந்து, வாய்தாவுக்கு எழுந்து நின்று, குமாஸ்தாவிடம் நடைமுறை கேட்டறிந்து, முதற் கட்சிக்காரர் வருமளவும் பொறுத்திருத்தல் இத்தொழிலின் மாறா நெறி. தந்தையோ மாமனோ வழக்கறிஞராய் இருந்தால் அக்காத்திருப்பு குறையும். முதல் தலைமுறையாகக் கற்றவர்க்கு அது நீளும். கூரம் போன்ற ஊர்களிலிருந்து செல்வோர் இன்றும் எதிர்கொள்ளும் மெய்ந்நிலை இது. அவர்கள் சட்டப்பிரிவுகளைக் கற்பதோடு, அப்பிரிவுகள் எழுதப்பட்ட மொழியையும் புதிதாகக் கற்கவேண்டியுள்ளது.

தமிழை விடாத சட்ட அறிஞர்

இச்சூழலில் சட்டத்தால் உயர்ந்தும் தமிழை விடாதவர் ஒரு சாரார் இருந்தனர். அவர்களுள் முதலில் வைத்து எண்ணத் தக்கவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. நீதிமன்றப் பதிவறையில் தொடங்கி முன்சீபாக உயர்ந்த அவர், 1805 முதல் 1861 வரையிலான மேல்முறையீட்டு மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்து 1862இல் சித்தாந்த சங்கிரகம் என வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாசிரியர் எனப் போற்றப்படும் அவர், அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே தீர்ப்புகளைத் தமிழாக்கினார் என்பது பலரும் அறியாதது. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும், தமிழர்க்குத் தமிழர் வழக்காடும் மன்றத்தில் ஆங்கிலத்தில் வாதிடும் நடைமுறையை அவர் எள்ளி நகையாடினார். அந்நகைப்பின் பின்னே முன்சீபின் அனுபவம் நிற்கிறது.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை 1871இல் பி.எல். தேறிக் கும்பகோணத்தில் வழக்கறிஞரானார். பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். வழக்காடிய அதே ஆண்டுகளில் வீரசோழியம், இறையனார் அகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை ஆகியவற்றைப் பதிப்பித்தார். ஏடு ஒவ்வொன்றையும் சாட்சியாக நிறுத்தி, ஒன்றோடொன்று முரணும் இடத்தில் எதனை நம்புவது என்று ஆராயும் பதிப்பு நெறி, வழக்காராய்ச்சியின் நெறிக்கு மிக அணித்தானது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926இல் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளையும் அதற்குமுன் வழக்கறிஞராக விளங்கியவரே. கா. சுப்பிரமணிய பிள்ளை சட்டத்தில் எம்.எல். பட்டம் பெற்று, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவாளராகத் தேர்வு பெற்றவர். அவரே பின்னர்த் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்து இலக்கிய வரலாறு எழுதினார். நாவலர் சோமசுந்தர பாரதியார், இரசிகமணி டி.கே.சி., கம்பனில் தோய்ந்த நீதிபதிகள் எஸ். மகராசன், மு.மு. இஸ்மாயில் ஆகியோரும் இவ்வரிசையில் வருவர்.

இத்தொழில் ஈந்ததைப் பறித்துக் கொண்டதும் உண்டு. வ.உ. சிதம்பரனார் ஏழைகளின் வழக்குகளை ஏற்று வாதாடியவர். 1908இல் தண்டனை பெற்றதும் அவரது சன்னது பறிபோனது. 1912இல் விடுதலையாகி வெளிவந்தவர் பிழைப்பின்றி வாடினார். வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் அச்சன்னது மீண்டும் கிடைத்தபோது நன்றி மறவாது மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். அவ்வறுமைக்கிடையிலும் தொல்காப்பிய இளம்பூரணர் உரைப்பதிப்பிலும் திருக்குறள் உரையிலும் உழைத்தார். கட்சிக்காரர் இல்லாத நாளிலும் நூல் அவரைக் கைவிடவில்லை.

இவர்கள் அனைவரும் தமிழை வளர்த்தனர், ஐயமில்லை. எனினும் ஒன்று கூறியே ஆகவேண்டும். வேதநாயகரும் மகராசனும் போன்ற சிலர் நீங்கலாக, ஏனையோரின் தமிழ்ப்பணி பெரும்பாலும் நீதிமன்ற வாயிலுக்கு வெளியே நிகழ்ந்தது. பகலில் ஆங்கிலத்தில் வாதம். மாலையில் தமிழில் இன்பம். இலக்கியம் பெற்ற பேற்றை வழக்குக்கு வந்தவன் பெறவில்லை. பத்திரத்தில் தன் நிலத்தின் நான்கெல்லையைத் தமிழில் படித்தறியும் உழவன், அந்நிலம் பற்றிய மேல்முறையீட்டில் தன் வழக்கறிஞர் கூறியது யாதென அறியப் பிறரை வினவி நின்றான்.

தொடரும் வினா

விடுதலைக்குப் பின் சில மாற்றங்கள் வந்தன. 1956ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் வகுத்தது. சட்டங்களைத் தமிழாக்கும் ஆட்சிமொழி ஆணையத்திற்கு மகராசன் தலைமை தாங்கினார். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் வக்கீல், பிளீடர் எனப் பலவாயிருந்த படிநிலைகளை நீக்கி ஒரே வகையினராக்கியது. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வழங்க வேண்டுமெனச் சட்டப்பேரவை 2006இல் தீர்மானம் இயற்றியது. அரசமைப்பின் 348ஆம் உறுப்பு அதற்கு வழி வைத்திருப்பினும், அவ்விசைவு கிட்டவில்லை. 2019க்குப் பின் உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழாக்கம் பெற்று வருகின்றன. வேதநாயகர் தனியொருவராய்ச் செய்த பணியை நாட்டின் தலைமை மன்றம் மேற்கொள்ள ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

சட்டக் கல்வியும் இடம்பெயர்ந்துள்ளது. 1990இல் டாக்டர் அம்பேத்கர் பெயர் தாங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி, 2018இல் பழைய செந்நிறக் கட்டடத்தை விட்டுப் புதுப்பாக்கத்திற்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து சென்றது. பட்டணத்து மாணவர்க்கு இது தொலைவு. தொண்டைநாட்டுச் சிற்றூர் மாணவர்க்கு அண்மை. நீதிமன்றத்தை நாள்தோறும் கண்ணுற்றுக் கற்கும் வாய்ப்பு இதனால் குன்றியது என்பதையும் மறைத்தற்கில்லை. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமும் 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டமும் 2024 சூலை முதல் நாளில் புதிய சட்டங்களுக்கு இடம்விட்டன. மூத்தோரும் இளையோரும் ஒருங்கே மாணவராகும் காலம் இது.

அம்மாணவர்க்கு உள்ளூரிலேயே பணி காத்திருக்கிறது. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஆகியவை காஞ்சிப் பட்டுத் தறியோடு நேரே தொடர்புடையன. காஞ்சிபுரப் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடும் பெற்றது. அவ்வுரிமை யாது, அதனை மீறுவோரை எம்மன்றில் நிறுத்துவது என நெசவாளர் மொழியில் எடுத்துரைக்க வல்லார் இன்றி அச்சட்டங்கள் ஏட்டளவில் நிற்கும்.

இங்கேதான் புலவர்க்கும் பங்கு உண்டு. சட்டத்தமிழ் இறுகிக் கிடப்பதற்குக் காரணம் தமிழின் குறையன்று. சொல்லின் அளவும் எடையும் அறிந்தோர் அப்பணிக்கு வாராமையே. ஆவணம் ஒன்றில் ‘உம்’ என்னும் இடைச்சொல் ‘அல்லது’ என மாறினால் ஒரு குடும்பம் வீட்டை இழக்கும். அந்நுட்பம் அறிந்தவர் கவிஞரும் இலக்கணம் வல்லாரும் ஆவர். சட்டம் பயில்வோர் இலக்கிய அரங்கிற்கு வருவதுபோல, இலக்கியம் பயில்வோர் சட்ட மொழியாக்கத்திற்குச் செல்லுதல் வேண்டும். புகழைப் பாட அவைமொழி போதும். வாய்க்காலின் உரிமையை எழுதத் தமிழ் வேண்டும் என்பது கூரம் செப்பேடு விட்டுச் சென்ற பாடம்.