பாதிரியார் பார்த்த பறவை

பெண்ணின் கடமை இன்னதென்று சொல்ல வருகிறவர்களுக்குப் பறவைக் கூடு கைக்கெட்டும் உவமை. தாய் அடைகாக்கும், தந்தை இரை கொண்டுவரும், இரண்டும் ஒன்றுக்கொன்று உண்மையாக இருக்கும். இந்தச் சித்திரம் கூட்டிலிருந்து வீட்டுக்கு வந்ததா, வீட்டிலிருந்து கூட்டுக்குப் போனதா? பறவையியலின் வரலாறு இதற்கு விடை வைத்திருக்கிறது.

1850களில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பாதிரியாராக இருந்த பிரான்சிஸ் ஓர்பன் மோரிஸ், பிரிட்டிஷ் பறவைகளைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதினார். டன்னக் என்ற பழுப்பு நிறச் சிறுபறவையின் அடக்கமும் எளிய தோற்றமும் அவரைக் கவர்ந்தன. மேல்நிலையில் இருப்பவர்களும் அதைப் பார்த்து நடக்கலாம் என்றார். 1871இல் டார்வின், துணையைத் தேர்ந்தெடுப்பதில் பெண் பறவைக்குப் பங்குண்டு என்று எழுதினார். அதே நூலில் பெண்ணினம் நாணமுடையது என்றும் எழுதினார். பெண்ணின் தேர்வைச் சக அறிஞர் பலர் ஏற்கவில்லை. நாணத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. 1968இல் டேவிட் லாக், பறவையினங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒருதுணை வாழ்வு கொண்டவை என்றார். அந்தக் கணக்கு, கூட்டில் சேர்ந்து காணப்படும் இணையை வைத்துப் போட்டது. குஞ்சுகளின் தந்தை யார் என்று அறிய அன்று வழியில்லை.

1980களில் கேம்பிரிட்ஜ் தாவரவியல் பூங்காவில் நிக் டேவிஸ் டன்னக்குகளின் கால்களில் வண்ண வளையங்களை மாட்டிக் கவனித்தார். பல பெண் பறவைகள் இரண்டு ஆண்களோடு கூடின. மூத்த ஆண் விடாமல் காவல் காக்க, பெண் அதன் கண்ணுக்குத் தப்பி இளைய ஆணைத் தேடிப் போனது. கூடிய ஆண் குஞ்சுகளுக்கு இரை ஊட்டியது, கூடாதது ஊட்டவில்லை. இரண்டு ஆண்கள் ஊட்டிய குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன. டி.என்.ஏ. சோதனை, ஒரே கூட்டில் இரண்டு தந்தையரின் குஞ்சுகள் இருப்பதை உறுதி செய்தது. பாதிரியார் பார்த்ததும் இதே பறவையைத்தான்.

உண்மை தெரிந்த பிறகும் மொழி பழையபடியே இருந்தது. பெண் பறவை ‘துரோகம்’ செய்கிறது, ஆண் ‘ஏமாற்றப்படுகிறது’ என்றே ஆய்வுக் கட்டுரைகள் பேசின. அமெரிக்கப் பறவையியலாளர் பட்ரீசியா கோவாட்டி 1982இலேயே இத்தகைய சொற்களை எதிர்த்து எழுதினார். நீலப்பறவைக் கூடுகளில் பல தந்தையர் உண்டென்று 1984இல் காட்டியவர்களில் அவரும் ஒருவர். சொல் தீர்ப்பைச் சுமந்து வந்தால் கண் அதற்கேற்றபடிதான் பார்க்கும் என்பது மொழி படிக்கிற நமக்குப் புதிதல்ல.

நம் ஏரிகளில் வாழும் நீளவால் இலைக்கோழியில் பெண் உருவில் பெரியது. பல ஆண்களோடு கூடும். முட்டைகளை ஆணிடம் விட்டுப் போகும். அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் ஆணின் வேலை. இதைப் படிக்கும்போது மகிழ்ச்சி வருகிறது. ஆனால் டன்னக்கைக் காட்டி மனிதருக்கு அடக்கம் போதித்தது பிழை என்றால், இலைக்கோழியைக் காட்டி நம் உரிமையைக் கேட்பதும் அதே பிழை. நம் உரிமைக்குப் பறவையின் சாட்சி வேண்டியதில்லை. ‘இயற்கையே அப்படித்தான்’ என்று வகுப்பிலோ வீட்டிலோ யாராவது தொடங்கினால், எந்தப் பறவை, யார் பார்த்தது, எந்த ஆண்டில் என்று கேளுங்கள்.