நோய் நிர்ணய அட்டையில் தங்கிவிட்ட போர்ச் சொற்கள்

போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும், வடக்கு கிழக்கில் எத்தனையோ வீடுகளில் பழைய நோய் நிர்ணய அட்டைகளும் எக்ஸ்ரே படங்களும் காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரப்படுத்தப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. காயப்பட்டவருக்கே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அந்த அட்டைகளிலும் கிளினிக்குகளிலும் அடிக்கடி வரும் சில சொற்களின் பொருளையும் பிறப்பையும் இங்கே தருகிறோம்.

ஷ்ரப்னெல்

இது ஒரு மனிதரின் பெயர். பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி ஹென்றி ஷ்ரப்னெல், 1784 இல் உள்ளே சிறு குண்டுகள் நிரப்பிய எறிகணை ஒன்றை வடிவமைத்தார். 1803 இல் பிரித்தானிய இராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. பின்னாளில், வெடித்துச் சிதறும் எந்த உலோகத் துண்டுக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. எங்கள் சனம் 'செல் பீஸ்' என்று சொல்வது இதைத்தான்.

ஃபொரின் பொடி

எக்ஸ்ரே அறிக்கையில் 'எஃப்.பி.' என்று சுருக்கமாகவும் எழுதுவார்கள். உடலுக்குச் சொந்தமில்லாத, வெளியிலிருந்து புகுந்த பொருள் என்பதே அர்த்தம். எடுப்பதால் வரும் ஆபத்து அதிகம் என்றால் வைத்தியர்கள் துண்டை உள்ளேயே விட்டுவிடுவதுண்டு. அப்படித் துண்டோடு வாழ்பவர்கள் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குப் போகும்போது அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் வலுவான காந்தம் சிலவகை உலோகத் துண்டுகளை அசைக்கக் கூடியது. கண், மூளை, முள்ளந்தண்டு ஆகியவற்றுக்கு அருகில் துண்டு இருந்தால் ஆபத்து பெரிது.

அம்பியூட்டேசன்

இலத்தீனில் இதன் மூலச்சொல் மரத்தின் கிளையைச் சுற்றிக் கத்தரிப்பதைக் குறித்தது. தோட்டத்துச் சொல் சத்திரசிகிச்சைக்கு வந்து, அவயவத்தை அகற்றுவது என்றானது. அட்டையில் 'பி.கே.ஏ.' என்றிருந்தால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது என்றும், 'ஏ.கே.ஏ.' என்றிருந்தால் முழங்காலுக்கு மேலே என்றும் பொருள். முழங்கால் மிஞ்சியிருந்தால் செயற்கைக் காலோடு நடப்பதற்குச் செலவாகும் சக்தி குறைவு.

பாண்டம் லிம்ப்

இல்லாத கால் வலிக்கிறது, இல்லாத விரல் கடிக்கிறது என்று சொல்பவர்களைச் சுற்றியிருப்பவர்கள் நம்பாமல் விடுவதுண்டு. ஆனால் 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் போர்முனைச் சத்திரசிகிச்சை நிபுணர் அம்புருவாஸ் பரே இதைப் பதிவுசெய்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்ட படையினருக்குச் சிகிச்சையளித்த சைலஸ் வியர் மிச்செல், 1871 இல் இதற்கு 'பாண்டம் லிம்ப்', அதாவது மாய அவயவம், என்று பெயரிட்டார். இது பொய்யுமல்ல, பைத்தியமுமல்ல. அகற்றப்பட்ட அவயவத்துக்குரிய நரம்பும் மூளைப் பகுதியும் இன்னும் இயங்குவதால் வருவது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் அறிமுகப்படுத்திய கண்ணாடிப் பயிற்சி சிலருக்கு இந்த வலியைத் தணித்திருக்கிறது.

புரொஸ்தீசிஸ்

கிரேக்கத்தில் 'சேர்த்து வைத்தல்' என்று பொருள். முதலில் இது இலக்கணச் சொல். ஒரு சொல்லின் முன்னால் எழுத்தையோ அசையையோ சேர்ப்பதைக் குறித்தது. பிறகுதான் செயற்கை அவயவத்துக்கு வந்தது. எங்களுக்கு நன்கு தெரிந்த 'ஜெய்ப்பூர் கால்', 1960களின் இறுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது. சப்பாத்து இல்லாமல் நடக்கவும், குந்தியிருக்கவும், வயலில் இறங்கவும் ஏற்றபடி அதை அமைத்தார்கள்.

ட்ரயாஜ்

பிரெஞ்சில் 'தரம் பிரித்தல்'. நெப்போலியனின் படை வைத்தியர் டொமினிக் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே முதலில் யாருக்குச் சிகிச்சை என்று தீர்மானித்தார். 2009 இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில், மருந்தும் இரத்தமும் போதாத நிலையில் வைத்தியர்களும் தாதியரும் இந்தத் தீர்மானத்தைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அங்கே காத்திருந்து உறவுகளை இழந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

ட்ரோமா

கிரேக்கத்தில் 'காயம்'. இன்றும் சத்திரசிகிச்சைப் பிரிவில் இது உடற்காயத்தையே குறிக்கும். மனதுக்கும் இச்சொல் பரவலானது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். தமிழில் இதை உளவடு, மனவடு என்கிறோம். வடு என்பது ஆறிய காயத்தின் அடையாளம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளுக்கு இந்தச் சொல் எவ்வளவு பொருந்தும் என்பது கேள்விதான்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்பவர்களுக்கு யாழ்ப்பாணத்திலேயே பதில் இருக்கிறது. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1860களில் தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். இன்று தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது பழைய அட்டையையும் கொண்டுபோங்கள். அதிலுள்ளதைத் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.