வண்டிக்கு யார் ஜவாப்தாரி?

தாம்பரத்துக்குச் சரித்திரம் எழுதப் புகுகிறவர்கள் மூன்று விஷயங்களை மறப்பதில்லை. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928ல் ஆரம்பித்த க்ஷயரோக ஸானடோரியம் ஒன்று. 1931ல் ஓடத் தொடங்கிய மின்சார ரயில் ஒன்று. ஹைகோர்ட்டுக்கு எதிரே நூறு வருஷம் இருந்துவிட்டு 1937ல் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரி ஒன்று. இவற்றைச் சொன்ன பிறகு ஆகாய விமானப் படையின் நிலையத்தையும் ஒரு வரி சொல்லி முடித்துவிடுவார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றி யாரும் எழுதக் காணோம். எழுத வேண்டிய விஷயந்தான் என்பது என் கட்சி.

மின்சார ரயிலை 1931 ஏப்ரலில் கவர்னர் ஸர் ஜார்ஜ் ஸ்டான்லி ஆரம்பித்து வைத்தார். மே மாதம் 11ந் தேதி முதல் ஜனங்கள் அதில் ஏறிப் போனார்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் சுமார் 29 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைச் சுருக்கியது ரயில்தான், சந்தேகமில்லை. ஆனால் ரயில் தாம்பரம் ஸ்டேஷனோடு நின்றுவிட்டது. சேலையூர்க்காரரும் மாடம்பாக்கத்துக்காரரும் முடிச்சூர்க்காரரும் அங்கிருந்து இன்னும் இரண்டு மைலோ நாலு மைலோ போயாக வேண்டும். அந்த மிச்ச மைல்களைச் சுருக்கியது சைக்கிள். புறநகர் என்று இன்று நாம் சொல்லும் இந்த மனைகளும் தெருக்களும் உண்டானதில் ரயிலுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு சைக்கிளுக்கும் உண்டு.

ரயிலில் ஏறுகிறவன் சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. காலை ஆறரை மணிக்கு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போய், இரவு எட்டு மணிக்கு வந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்படைக்கிற பொருள் அற்பமானதல்ல. முதலில் சீமையிலிருந்து ராலே, ஹம்பர் என்று வந்த வண்டிகள். பிறகு அம்பத்தூரில் டி. ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை 1949ல் ஏற்பட்டது. அதற்குப் பின்னும்கூட, ஒரு சைக்கிள் என்பது குமாஸ்தா வீட்டில் மாதத் தவணை கட்டி வாங்கிய சொத்தாகத்தான் இருந்தது. அது போனால் மறுநாள் ஆறரை மணி ரயில் போயிற்று. நாலு நாள் ரயில் போனால் வேலையும் போகும். அப்படிப்பட்ட சொத்தை ஒரு கீற்றுக் கொட்டகையின் வாசலில், முன்பின் தெரியாத ஒருவனிடம் விட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு தகரத் துண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மனிதர்கள் ஓடினார்கள்.

நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த 1980களின் கடைசியில் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். ஒரே எண் போட்ட இரண்டு டோக்கன். ஒன்று ஹாண்டில்பாரில் தொங்கும், மற்றொன்று சொந்தக்காரரிடம். பூட்டின சாவியும் சொந்தக்காரரிடமே. ஆகையால் ஸ்டாண்டுக்காரர் பூட்டின வண்டியின் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, முன்சக்கரத்தை மட்டும் உருட்டிக்கொண்டு போய் வரிசையில் செருகுவார். முப்பது வண்டி நிற்கக்கூடிய இடத்தில் ஐம்பது வண்டியை அடக்குவது ஒரு கலை. கடைசி வண்டியைச் செருகும்போது கை தவறினால் வரிசை முழுவதும் சீட்டுக்கட்டு மாதிரி சரியும். மாலையில் எந்த ரயிலில் யார் இறங்குவார் என்பது அவருக்கு மனப்பாடம். சீக்கிரம் வருகிறவர் வண்டி முன்னால், தாமதமாக வருகிறவர் வண்டி பின்னால் என்று காலையிலேயே கணக்குப் போட்டு நிறுத்திவிடுவார். மழை வந்தால் ஸீட்டுகளின் மேல் பாலிதீன் பைகளைக் கவிழ்ப்பார். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

மேல்நாட்டில் பனிமலை விடுதிகளுக்குச் சறுக்கி விளையாடப் போகிறவர்கள், வாசலிலேயே மோட்டாரை நிறுத்திச் சாவியைச் சீருடைப் பையனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்களாம். இதற்கு வாலே பார்க்கிங் என்று பெயர். பையன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவான். கேட்டால் கொண்டுவந்து தருவான். நம் ஊரில் பனி என்றால் மார்கழிப் பனிதான்; அதில் சறுக்க முடியாது. மற்றபடி தாம்பரத்து ஸ்டாண்டுக்காரர் செய்த வேலையும் அதேதான்.

நிற்க. வண்டி காணாமற் போனால் யார் ஜவாப்தாரி? இந்தக் கேள்வி ஸ்டாண்டைவிட ரொம்பப் பழையது. பழைய ரோமாபுரியில் கப்பல்காரன், சத்திரக்காரன், குதிரை லாயக்காரன் ஆகிய மூவரும் தங்களிடம் ஒப்படைத்த பொருளுக்குக் கண்டிப்பாக ஜவாப் சொல்ல வேண்டும் என்று நீதிபதியின் கட்டளை இருந்தது. இல்லாவிட்டால் இவர்கள் திருடர்களோடு கூட்டுச் சேர்ந்துவிடுவார்கள் என்று சட்ட நிபுணர் ஒருவர் காரணமும் எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் 1584ல் ஒரு குதிரை வழக்கு நடந்தது. குதிரையைப் புல் மேய விடும்படி விருந்தாளியே கேட்டிருந்தால் சத்திரக்காரன் மேல் பழியில்லை. சத்திரக்காரன் தன் இஷ்டத்துக்கு மேய விட்டிருந்தால் அவன்தான் ஜவாப்தாரி என்று தீர்ப்பாயிற்று. அழகான பாகுபாடு!

மோட்டார் வந்த பிறகு இந்த அழகு கொஞ்சம் கெட்டது. கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்த அதே 1937ல், இங்கிலாந்தின் அப்பீல் கோர்ட்டில் ஒரு கார் வழக்கு. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி நிறுத்திவிட்டுப் போன காரை, சொந்தக்காரரின் சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவன் கேட்டான். சீட்டும் அவனிடம் இல்லை. காவலாளி விட்டுவிட்டான். கார் போனது போனதுதான். கோர்ட்டார் என்ன சொன்னார்கள் தெரியுமோ? கொடுத்த காசு நிறுத்துகிற இடத்துக்குத்தான், காவலுக்கு அல்ல, ஆகவே நஷ்ட ஈடு கிடையாது என்றார்கள். ‘உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது’ என்று சீட்டின் பின்னால் பொடி எழுத்தில் அச்சடிக்கிற வழக்கத்துக்கு இம்மாதிரி தீர்ப்புகள் கொஞ்சம் தைரியம் கொடுத்திருக்கும்.

நம் நாட்டில் 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. பிறர் பொருளைக் காவலுக்கு வாங்குகிறவன், சாதாரண புத்தியுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்வானோ அவ்வளவு ஜாக்கிரதை காட்ட வேண்டும் என்கிறது அதன் 151வது பிரிவு. அச்சடித்த ஒரு வரியால் இந்தக் கடமையைத் தட்டிக் கழிக்கலாமா என்பதுதான் வழக்கு. இது சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஆனால் போனது சைக்கிள் அல்ல, கார்.

1998 ஆகஸ்டு முதல் தேதி இரவு, டில்லி தாஜ் மகால் ஹோட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென் காரில் போனார். சாவியை வாலே பையனிடம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டார். நள்ளிரவுக்குப் பிறகு திரும்பி வந்து கேட்டால் கார் இல்லை. வேறொரு காரில் வந்திருந்த வாலிபர்களில் ஒருவன், மேஜையில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு காரை ஓட்டிப் போய்விட்டானாம். சீட்டில் வழக்கமான பொடி எழுத்து இருந்தது. இருபத்தோரு வருஷங் கழித்து, 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: சாவியை வாங்கிக்கொண்ட பிறகு வண்டியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது ஹோட்டலின் கடமை, தன் ஆட்களின் கவனக் குறைவால் போன வண்டிக்கு அச்சடித்த வரியைக் காட்டித் தப்பிக்க முடியாது, கவனமாக இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டிய பாரமும் ஹோட்டலைச் சேர்ந்தது.

ஜி. எஸ். டி. ரோட்டுக் கல்யாண மண்டபங்களில் முகூர்த்த நாளன்று சாவி வாங்கிக்கொள்ளும் பையன்களுக்கு இந்தத் தீர்ப்பு தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்களை வேலைக்கு அமர்த்துகிறவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. சாவியை ஒரே மேஜையில் குவித்து வைப்பதை நான் இன்னும் பார்க்கிறேன்.

மனித ஜாக்கிரதைக்கு மீறியதும் உண்டு. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் வீடுகளே மூழ்கின. அப்படிப்பட்ட வெள்ளத்தில் வண்டி முழுகினால், தன்னால் ஆன ஜாக்கிரதையைக் காட்டியவன்மேல் சட்டப்படி குற்றமில்லை.

மீட்டர் கேஜ் மின்சார வண்டி 2004ல் விடைபெற்றது. தாம்பரம் 2021ல் மாநகராட்சி ஆயிற்று. வெளியூர் பஸ்களுக்காக 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் நிலையம் திறந்தார்கள். ஸ்டாண்டுகளில் இப்போது மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களுமே வரிசை வரிசையாக நிற்கின்றன. தகர டோக்கன் போய், யந்திரம் துப்பும் காகிதச் சீட்டு வந்துவிட்டது.

டோக்கனைத் தொலைத்தவருக்கு அந்த நாளில் ஒரு பரீட்சை நடக்கும். 1937ல் இங்கிலாந்துக் காவலாளி செய்யத் தவறிய காரியம் அது. பெல் எந்தப் பக்கம், செயின் கார்டில் என்ன எழுதியிருக்கிறது, ஸீட்டில் கிழிசல் உண்டா என்று ஸ்டாண்டுக்காரர் கேட்பார். முகம் எத்தனை வருஷம் பழகியிருந்தாலும் கேட்பார். பதில் சரியாக இருந்தால் சாவி பூட்டுக்குச் சேருகிறதா என்று பார்ப்பார். அப்புறமும், எல்லா வண்டியும் போகட்டும், மிச்சம் நிற்பது உம்முடையது என்று சொல்லி, கடைசி ரயில் வரும் வரைக்கும் மனிதரைப் பெஞ்சியில் உட்கார வைத்துவிடுவார்.