தோவாளைச் சந்தைக்கு வராத பூ

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகும் சாலையில், ஆரல்வாய்மொழிக்குச் சற்று முன்னால் வரும் ஊர் தோவாளை. விடிவதற்கு முன்பே இங்கே பூச்சந்தை கூடிவிடும். பிச்சி, மல்லிகை, அரளி, சம்பங்கி, கேந்தி, கொழுந்து, துளசி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஓணம் நெருங்கினால் கேரள வியாபாரிகள் கூட்டம் அலைமோதும். ஆனால் இந்த ஊருக்கு வடக்கே நீளும் அதே மலைத்தொடரில் பூக்கும் ஒரு பூ இந்தச் சந்தையில் கிடைக்காது. அதன் கதை கொஞ்சம் சோகமானது.

ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் காற்று அதிகம், மழை குறைவு. மேற்கே போகப் போகத்தான் பசுமை. நாஞ்சில் நாட்டு வயல்களின் பஞ்சத்தைப் போக்கத் திருவிதாங்கூர் அரசு கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைக் கட்டியது. 1897-ல் தொடங்கிய வேலை 1906-ல் முடிந்தது. பொறியாளர் மிஞ்சின். மலைத் தண்ணீர் கால்வாய் வழியாகத் தோவாளை வரை வந்தது.

தண்ணீர் இறங்கி வருவதற்கு முன்பே மலையில் இருந்து ஒரு செடி இறங்கிவிட்டது. திருவிதாங்கூரில் இருந்த கர்னல் ஹீபர் ட்ரூரி தாவரங்களைப் பற்றி நூல்கள் எழுதியவர். 1865-ல் அகத்தியமலைப் பகுதியில் ஒரு ஆர்க்கிட்டைக் கண்டார். மஞ்சள் பூ, இதழ்களின் நடுவில் கரும்பழுப்புக் கோடு, கீழே செருப்பின் முனை போல ஒரு பை. சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் அதற்கு ட்ரூரியின் பெயரையே வைத்தார். இன்றைய பெயர் பாஃபியோபெடிலம் ட்ரூரி. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே செருப்பு ஆர்க்கிட் இதுதான்.

அது இங்கிலாந்தில் ஆர்க்கிட் பைத்தியம் பிடித்திருந்த காலம். பணக்காரர்கள் கண்ணாடி வீடு கட்டி, அரிய செடிகளை ஏலத்தில் எடுத்தார்கள். இந்தச் செடியும் கப்பல் ஏறியது. ஆனால் பிறந்த மலையில் அது கண்ணில் படாமலே போனது. அழிந்தே விட்டது என்று நினைத்திருந்தபோது 1972-ல் மறுபடியும் அகப்பட்டது. அதன் பிறகும் காட்டுத்தீயும் செடி திருடுவோரும் அதை விடவில்லை.

பிச்சிக் கொடியை வெட்டி நட்டால் பிழைத்துக் கொள்ளும். ஆர்க்கிட் அப்படி அல்ல. விதை தூசி போல இருக்கும், உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணில் உள்ள ஒருவகைப் பூஞ்சை உணவு கொடுத்தால்தான் முளைக்கும். பிடுங்குவது ஒரு நிமிட வேலை, ஆனால் அந்த இடத்தில் இன்னொன்று முளைத்துப் பூக்கப் பல வருடங்கள் ஆகும்.

திருவனந்தபுரம் அருகே பாலோடு தாவரவியல் பூங்காவில் இதை ஆய்வகத்தில் வளர்த்து, மலையில் திரும்ப நட்டார்கள். உலக அளவில் காட்டுச்செடியை வணிகம் செய்யத் தடை இருக்கிறது. ஆனாலும் இன்றும் அது அழிவின் விளிம்பில்தான்.

தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விற்கப்படும் பூக்கள் அங்கே வருடாவருடம் பூக்கின்றன, ஏனென்றால் பறிக்கிறவர்களுக்கு முன்னால் நடுகிறவர்கள் இருக்கிறார்கள். மலைப்பூவுக்கு வெகுகாலம் வரை பறிக்கிறவர்கள் மட்டுமே இருந்தார்கள்.