எட்டு டாலர்: வறுமையின் அளவா, சட்டத்தின் அளவா?

அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் அமெரிக்கா சென்ற இந்தியர்களின் நினைவுக்குறிப்புகளில் ஒரு தொகை திரும்பத் திரும்ப வருகிறது: எட்டு டாலர். விமான நிலையத்தில் இறங்கியபோது சட்டைப்பையில் இருந்தது அவ்வளவே என்பார்கள். இங்கிலாந்து சென்றோர் கதையில் அது மூன்று பவுண்டு. இத்தொகை வறுமையிலிருந்து எழுந்ததற்குச் சான்றாகச் சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அது சட்டம் விதித்த உச்சவரம்பு.

உலகப்போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்தது. போர் முடிந்தும் அது நீங்கவில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிலைப்படுத்தியது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதி செலாவணி இருப்பைக் கரைத்த 1957க்குப் பின் பிடி மேலும் இறுகியது. ரிசர்வ் வங்கியின் இசைவு பெற்ற 'பி' படிவம் இன்றி விமானச் சீட்டே வாங்க இயலாது.

கணக்கையும் பார்க்கலாம். 1967 நவம்பர் வரை ஒரு பவுண்டு 2.80 டாலர், மூன்று பவுண்டு 8.40 டாலர். இரு நாட்டுக் கதைகளும் ஏறத்தாழ ஒரே தொகையைத்தான் சொல்கின்றன. 1966 ஜூன் மதிப்புக் குறைப்புக்குப் பின் ஒரு டாலர் 7.50 ரூபாய். எட்டு டாலரின் விலை அறுபது ரூபாய். அதற்குமேல் திரட்ட வழியற்றவர் விமானம் ஏறியிருக்கவே முடியாது.

அமெரிக்காவின் 1965 குடிவரவுச் சட்டத்துக்குப் பின் சென்றவர்களில் பெரும்பாலோர் மருத்துவரும் பொறியாளரும் மாணவரும். அவர்களுடைய மெய்யான முதல் பட்டமும், பல்கலைக்கழக உதவித்தொகைக் கடிதமும், வரவேற்க வரும் ஓர் உறவினரின் முகவரியும். முகவரி இல்லாதவருக்கு அந்த எட்டு டாலர் முதல் இரவுக்கே போதாது. ஆகவே இக்கட்டுப்பாடு, அங்கே ஆள் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்கும் சல்லடையாகவும் இயங்கியது என்பேன். அங்குள்ளவர் டாலராகக் கொடுக்க, இங்குள்ள அவர் குடும்பத்துக்கு ரூபாயாகத் தீர்ப்பது பலருக்குத் தெரிந்த வழி; சட்டப்படி அதுவும் குற்றம்.

இதே காலத்தில் ஹஜ் பயணிகளுக்கு நேர்ந்தது இன்னும் விந்தையானது. வளைகுடாவுக்குச் சென்ற ரூபாய் தங்கக் கடத்தலுக்குப் பயன்பட்டதால், 1959இல் அப்பகுதிக்கெனத் தனி நோட்டுகள் அச்சிடப்பட்டன. சவூதி அரேபியா செல்லும் யாத்ரீகருக்கென 10, 100 ரூபாயில் வேறொரு வகை. 'ஹஜ்' என்ற சொல் பொறித்த அந்த நோட்டு இந்தியக் கடைத்தெருவில் செல்லாது. ஜித்தாவில் இறங்கியவர் கையில் இருந்தது, தம் நாட்டிலேயே பணமாகாத தம் நாட்டுப் பணம்.

2000 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் செலாவணி மீறலைச் சிறைக்குரிய குற்றமாக அன்றி, அபராதத்துக்குரிய மீறலாக மாற்றியது. 2004இல் தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் வெளியே அனுப்பலாம் என்றானது. இன்று அது 2,50,000.

அக்காலக் கடவுச்சீட்டுகளின் ஏடுகளில், பயணிக்கு வழங்கப்பட்ட செலாவணி குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் புரட்டிப் பாருங்கள். நினைவுக்குறிப்புகளைவிட நம்பத்தக்க ஆவணம் அது.