பெல் 525: சான்றுக்கான நெடும்பயணம்

பெல் 525 ரிலென்ட்லெஸ், அமெரிக்காவின் பெல் நிறுவனம் உருவாக்கிவரும் இரட்டை எஞ்சின் பயணியர் ஹெலிகாப்டர். இரு விமானிகளுடன் 19 பயணிகள்வரை இதில் செல்லலாம். புறப்படும்போது இதன் உச்ச எடை 20,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 9.3 டன். கடல் நடுவே உள்ள எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுசெல்வது இதற்கென எண்ணப்பட்ட முதன்மை வேலை. வடிவமைப்பு பாதுகாப்பானது என அரசு தரும் வகைச் சான்றுக்கு 2011 டிசம்பரில் விண்ணப்பிக்கப்பட்டது. 2024 முடிந்தபோதும் சான்று கிடைத்திருக்கவில்லை.

முன்வரலாறு

உலகில் பொதுப் பயன்பாட்டுக்குச் சான்று பெற்ற முதல் ஹெலிகாப்டரும் பெல் தயாரிப்புதான். பெல் 47 முதன்முதலில் பறந்தது 1945 டிசம்பர் 8 அன்று. சான்று பெற்றது 1946 மார்ச் 8 அன்று. சரியாக மூன்று மாதம். 1998 டிசம்பரில் முதலில் பறந்த சிகோர்ஸ்கி எஸ்-92, 2002 டிசம்பரில்தான் சான்று பெற்றது. இடைப்பட்ட காலத்தில் விதிநூல் தடித்துவிட்டது.

பெரிய ஹெலிகாப்டர்களை அமெரிக்காவின் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகம் (எஃப்.ஏ.ஏ.) தன் விதிகளின் 29ஆம் பகுதிப்படி சோதிக்கிறது. ஒரு எஞ்சின் நின்றால் மற்றொன்று தாங்க வேண்டும். கியர்பாக்ஸில் எண்ணெய் வற்றினாலும் 30 நிமிடம் அது ஓட வேண்டும்; அப்படி வற்றுவது மிக மிக அரிது என்று நிறுவினால் அந்தச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. எஸ்-92 அந்த விலக்கின் வழியே சான்று பெற்றது. 2009 மார்ச் 12 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அருகே ஓர் எஸ்-92 கடலில் விழுந்து, அதிலிருந்த 18 பேரில் 17 பேர் இறந்தனர். எண்ணெய் வடிகட்டியின் கிண்ணத்தைப் பிடித்திருந்த டைட்டானியம் திருகாணிகள் முறிந்து, கியர்பாக்ஸ் எண்ணெய் வெளியேறியதே தொடக்கம்.

விண்ணப்பமும் முதல் பறப்பும்

2012 பிப்ரவரியில் டல்லாஸ் கண்காட்சியில் பெல் 525 அறிவிக்கப்பட்டது. இதன் புதுமை ஃபிளை-பை-வயர். விமானியின் கைப்பிடிக்கும் ரோட்டாருக்கும் இடையே தண்டுகளின் நேரடித் தொடர்பு இல்லை. கையசைவு மின்குறிப்பாகக் கணினிக்குப் போய், அங்கிருந்து கட்டளையாகிறது. ராணுவ ஹெலிகாப்டர்களில் முன்பே வந்துவிட்ட இம்முறைக்கு 29ஆம் பகுதியில் போதிய விதிகள் இல்லாததால், எஃப்.ஏ.ஏ. தனியாகச் சிறப்பு நிபந்தனைகளை எழுத வேண்டியிருந்தது.

வகைச் சான்றுக்கான விண்ணப்பம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குள் சான்று கிடைக்காவிட்டால் காலநீட்டிப்புப் பெறலாம். ஆனால் இடையில் திருத்தப்பட்ட விதிகளுக்கும் உட்பட வேண்டும். தாமதமே புதிய வேலையைச் சேர்க்கும் ஏற்பாடு இது.

முதல் மாதிரி 2015 ஜூலை 1 அன்று டெக்சாஸின் அமரில்லோவில் பறந்தது. 2017இல் சான்று கிடைக்கும் என நிறுவனம் நம்பியது.

2016 விபத்து

2016 ஜூலை 6 அன்று அந்த முதல் மாதிரி டெக்சாஸின் இத்தாலி என்னும் சிற்றூர் அருகே வானிலேயே உடைந்து விழுந்தது. சோதனை விமானிகள் இருவரும் இறந்தனர்.

அன்றைய சோதனை, 185 நாட் வேகத்தில் ஓர் எஞ்சின் நின்றால் என்னவாகும் என்பது. எஞ்சின் எதையும் உண்மையில் நிறுத்தவில்லை. ஒற்றை எஞ்சினின் ஆற்றல் மட்டுமே கிடைக்கும்படி மென்பொருள் கட்டுப்படுத்தியது. ரோட்டாரின் சுழற்சி குறைந்தது. நொடிக்கு ஆறு முறை என்ற கணக்கில் ஹெலிகாப்டர் குலுங்கத் தொடங்கியது. குலுக்கல் விமானியின் உடலுக்கு ஏறியது. உடல் கையை ஆட்டியது. கை இடப்பக்கப் பிடியை ஆட்டியது. அறியாமல் நிகழ்ந்த அந்த அசைவைக் கணினி கட்டளையாகவே எடுத்துக்கொண்டது. நிலையுணர் கருவியும் அதே அதிர்வை உணர்ந்து, அதைத் திருத்த முனைந்து, மேலும் வளர்த்தது. சுழற்சி தளர்ந்த ரோட்டார் இறக்கைகள் எல்லை மீறி மேலும் கீழும் ஆடி, வால்பகுதியை வெட்டின.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை, சுழற்சி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் ஒற்றை எஞ்சின் முறையிலிருந்து தானே வெளியேறும் ஏற்பாடு மென்பொருளில் இல்லை என்பதையும், சுழற்சி குறைவதை ஐயமின்றி உணர்த்தும் எச்சரிக்கை இல்லை என்பதையும் சுட்டியது.

விபத்துக்குப் பின்

கைப்பிடியிலிருந்தும் நிலையுணர் கருவியிலிருந்தும் வரும் அதிர்வை வடிகட்டும் வகையில் மென்பொருள் மாற்றப்பட்டது. ஓராண்டு இடைவெளிக்குப் பின், 2017 ஜூலையில் பறப்புச் சோதனைகள் மீண்டும் தொடங்கின. 2014இல் வீழ்ந்த எண்ணெய் விலை வாங்குவோரின் ஆர்வத்தை ஏற்கெனவே குறைத்திருந்தது. பின்னர் கொரோனா வந்தது. போயிங் 737 மேக்ஸ் விபத்துகளில் 346 பேர் இறந்தபின், 2020 டிசம்பரில் அமெரிக்கச் சட்டமும் சான்றளிப்பு முறையை இறுக்கியது.

2024 பிப்ரவரியில் நார்வேயின் எக்வினோர் நிறுவனம் 10 பெல் 525களுக்கு ஒப்பந்தம் செய்தது. பெல் 47 முதலில் பறந்து சான்று பெற மூன்று மாதம் ஆயிற்று. 525 முதலில் பறந்து, 2024 இறுதியில் ஒன்பதரை ஆண்டு ஆகியிருந்தது.